மூன்றாவது பெட்டி

டாக்டர் சுஷ்மாவுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைப்பார், அவ்வளவுதான். செம்பூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில், ஜூன் மழை ஜன்னலை அறைந்துகொண்டிருந்த ஒரு காலையில், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்த மாரிசெல்வியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது மூணாவது தடவை. பிப்ரவரில தேதி குடுத்தேன், வரலை. ஏப்ரல்ல குடுத்தேன், வரலை. நேத்து தியேட்டரெல்லாம் தயார் பண்ணி வச்சிட்டு உனக்காகக் காத்திருந்தேன்."

"ஆபீஸ்ல சர்வர் படுத்துட்டு டாக்டர். அதைப் பாக்க என்னை விட்டா வேற ஆளு கிடையாது."

"சர்வர் படுத்தா எந்திரிக்கும். உன் வயித்துல இருக்கறது வளந்துட்டே இருக்கும்மா."

கர்ப்பப்பையில் கட்டி. புற்று இல்லை என்று சோதித்துச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் மாதத்தில் பாதி நாள் ரத்தம் போய்ப்போய், வடாலா ஸ்டேஷன் பாலத்தில் ஏறும்போது நடுவில் நின்று கம்பியைப் பிடித்துக்கொள்ளும் நிலைமைக்கு அவளைக் கொண்டுவந்து விட்டிருந்தது. பின்னால் வருகிற கூட்டம் 'சலோ, சலோ' என்று இடித்துக்கொண்டு போகும். கட்டியை மட்டும் எடுத்துவிட்டால் பிறகு குழந்தைக்கு வாய்ப்பு உண்டு என்று பிப்ரவரியில் டாக்டர் சொல்லியிருந்தார். கணவன் மாரீஸ்வரனுக்கும் அவளுக்கும் அதுவரை குழந்தை இல்லை. வெளியில் கேட்பவர்களுக்குச் சிரித்து மழுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து இருவரும் தனித்தனியே ஏங்கிக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப உடம்புல இருக்கற ரத்தத்துக்குக் கத்தி வைக்கவே முடியாது," என்றார் டாக்டர். "ஊசி போட்டு ஏத்தணும். நவராத்திரி சமயத்துல ஒரு தேதி தர்றேன். அதையும் தள்ளிப் போட்டேன்னா கர்ப்பப்பையைக் காப்பாத்தறதப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இப்பவே நிச்சயமா சொல்ல முடியாது, புரியுதா?"

புரிந்தது. புரிந்ததனால்தான் அன்று மாலையே மாரிசெல்வி ஆபீஸில் வெங்கியின் மேஜைக்கு எதிரே போய் நின்றாள்.

ஆபீஸ் கிங்ஸ் சர்க்கிளில், பித்தளை விளக்கு விற்கும் கடை ஒன்றின் மாடியில் இருந்தது. போர்டில் 'சந்திரமௌலி அண்ட் சன்ஸ்' என்று பன்மையில் எழுதியிருக்கும். இருப்பது ஒரே ஒரு சன், அவர்தான் வெங்கி. சின்ன ஆஸ்பத்திரிகள், ரத்தப் பரிசோதனைக் கூடங்கள், கடன் சங்கங்கள் என்று பலருடைய கம்ப்யூட்டர்களைத் தொலைவிலிருந்தே பார்த்துக்கொள்ளும் வேலை. எந்தக் கம்ப்யூட்டரும் தான் செய்வதையெல்லாம் வரிவரியாக எழுதிக்கொண்டே இருக்கும். யார் உள்ளே வந்தார்கள், எது திறந்தது, எது கெட்டது என்று. அதற்குத்தான் லாக் என்று பெயர். அத்தனை பேருடைய லாகையும் ஓரிடத்தில் வாங்கிச் சேர்த்து, கேட்ட மாத்திரத்தில் தேடி எடுத்துக் கொடுப்பதாக சந்திரமௌலி அண்ட் சன்ஸ் வாக்குக் கொடுத்திருந்தது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்கு இருந்தது ஒரே ஒரு பழைய மெஷினும் ஒரே ஒரு மாரிசெல்வியும்.

பிப்ரவரியில் மெஷினின் டிஸ்க் நிறைந்து மூச்சடைத்தது. ஏப்ரலில் மெமரி போதாமல் விழுந்தது. ஜூனில் முதல் மழைக்கே கிங்ஸ் சர்க்கிளில் முட்டளவு தண்ணீர். கீழே மீட்டர் பெட்டிக்குள் புகுந்து கட்டடமே இருண்டது. மூன்று முறையும் வெங்கி சொன்னது ஒன்றேதான்: "ஒரே ஒரு நாள் தள்ளிப் போட முடியுமா பாரேன்." அவள் பிப்ரவரியில் 'ஒரு சின்ன ஆபரேஷன்' என்று மட்டும் சொல்லியிருந்தாள். பெண்பிள்ளை சமாச்சாரத்தை ஆம்பிளை முதலாளியிடம் விலாவாரியாகச் சொல்ல அவளுக்குக் கூச்சம். வெங்கிக்கு 'சின்ன' என்பது மட்டும் காதில் விழுந்திருந்தது.

"நான் ஒரு வாரம் இல்லைன்னாலும் தானா நிக்கற மாதிரி ஒண்ணு கட்டணும் வெங்கி சார்," என்றாள். "நவராத்திரிக்குள்ள."

வெங்கி நல்ல மனிதர்தான். கெட்டவராக இருந்தால் எப்போதோ வேலையை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அதுதான் சங்கடம்.

"கட்டிடலாமே," என்றார். "இன்னொரு மெஷின் வாங்கிடறேன். ஒண்ணு போனா இன்னொண்ணு. சிம்பிள்."

"ரெண்டு வச்சா ஆகாது சார். மூணு வேணும்."

"ஏன் மூணு?"

மாரிசெல்வி ஒயிட்போர்டில் இரண்டு வட்டம் போட்டு நடுவில் ஒரு கோடு போட்டாள். மெஷின்கள் கூட்டாக வேலை பார்த்தால் அதற்குக் கிளஸ்டர் என்று பெயர். கூட்டத்துக்கு ஒரு தலை வேண்டும். நடுவில் இருக்கும் ஒயர் அறுந்துவிட்டால், அங்கே இருப்பது செத்துவிட்டது என்று இது நினைக்கும், இது செத்துவிட்டது என்று அது நினைக்கும். இரண்டும் நான்தான் தலை என்று ஆளுக்கொரு பக்கம் எழுத ஆரம்பிக்கும். ஒயர் திரும்ப ஒட்டும்போது ஒருவர் எழுதியதைக் குப்பையில் போட வேண்டியதுதான். இதையெல்லாம் சொல்லிவிட்டு அவள் மூச்சு வாங்கினாள்.

"எங்க பில்டிங் சொசைட்டில சேர்மனும் செக்ரட்டரியும் மாதிரி," என்றார் வெங்கி.

"அதேதான். மூணு பேர் இருந்தா, ரெண்டு பேர் ஒத்துக்கிட்டாத்தான் வேலை நடக்கும். தனியா நிக்கிறவன் வாயை மூடிக்கிட்டு இருக்கணும்."

அவள் கேட்டது மூன்று பெரிய மெஷின்கள், மூன்று வெவ்வேறு இடங்களில். ஒவ்வொரு மீட்டிங்கிலும் அதில் ஒன்று குறைந்தது. கடைசியில் ஆபீஸில் ஒரு பெரிய மெஷின், நெருளில் இருந்த அவர்களுடைய கிளையில் ஒரு பெரிய மெஷின், மூன்றாவதாக ஒரு சின்னப் பெட்டி என்று முடிவானது. சின்னப் பெட்டி எதையும் சேர்த்து வைக்காது, தேடாது. யார் தலை என்று கேள்வி வரும்போது கை தூக்குவது மட்டும்தான் அதன் வேலை. டிபன் டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிது. இதுவாவது கிடைத்ததே என்று மாரிசெல்வி ஒத்துக்கொண்டாள். சண்டை போடுவதற்கும் உடம்பில் ரத்தம் வேண்டுமே.

ஆனால் அந்தச் சின்னப் பெட்டியை மற்ற இரண்டோடும் சேர்த்து வைக்கக் கூடாது. ஆபீஸிலேயே வைத்தால் கிங்ஸ் சர்க்கிள் மூழ்குகிறபோது இரண்டும் சேர்ந்து போய்விடும். நெருள் தனியே வாயை மூடிக்கொண்டு நிற்கும். மூன்றாவதாக ஒரு இடம் வேண்டும். வாடகைக்கு எடுக்க வெங்கிக்கு மனசு வரவில்லை.

"எங்காத்துலயே வெச்சுடலாமே," என்றார். "மாட்டுங்கால மூணாவது மாடி. இன்வெர்ட்டர் இருக்கு. நெட் வேற கம்பெனி. அப்பா அம்மா எப்பவும் ஆத்துலதான் இருக்கா."

மாரிசெல்வி ஒரு நாள் போய்ப் பார்த்தாள். மின்சாரம் எந்த லைனிலிருந்து வருகிறது, மழைத் தண்ணீர் எதுவரை ஏறும், எலி உண்டா, வேலைக்காரம்மா பிளக்கைப் பிடுங்கி மிக்ஸி போடுவாளா என்றெல்லாம் துருவித்துருவிக் கேட்டாள். சந்திரமௌலியின் மனைவி, வெங்கியின் அம்மா அபயாம்பாள் மாமி பாங்கில் ஆபீசராக இருந்து ரிட்டயரானவர். கேட்டதற்கெல்லாம் பாங்கு ஆய்வுக்குப் பதில் சொல்வதுபோல் நிதானமாகப் பதில் சொன்னார். பெட்டியைக் கூடத்து ஷெல்ஃபில் வைத்து ஒயரை மாட்டியதும் பக்கத்தில் வந்து நின்றார்.

"இது என்ன பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது மாமி. மத்த ரெண்டுக்கும் தகராறு வந்தா யாரு சரின்னு சொல்லும்."

"அது எங்காத்துல நான் பண்ற வேலையாக்கும்," என்றார் மாமி. உள்ளேயிருந்து சந்திரமௌலி கனைத்தார்.

அப்புறம் சோதனைகள். ஒரு நாள் நெருளின் ஒயரைப் பிடுங்கினாள். கிங்ஸ் சர்க்கிளும் சின்னப் பெட்டியும் ஒத்துப்போய் வேலை தடங்கலில்லாமல் நடந்தது. இன்னொரு நாள் கிங்ஸ் சர்க்கிளை அணைத்தாள், நெருள் தலையானது. சின்னப் பெட்டியை அணைத்துப் பார்த்தாள். மூன்றின் நிலையையும் திரையில் காட்டும் போர்டில் பச்சை விளக்கு பச்சையாகவே இருந்தது. சேர்த்து வைத்த லாக் குறைந்தால்தான் நிறம் மாறும்; சின்னப் பெட்டியிடம்தான் ஒரு சரக்கும் இல்லையே. மஞ்சளோ சிவப்போ வந்தால் தனக்கும் வெங்கிக்கும் போன் அலறும்படி செய்து வைத்தாள். இது போதாதென்று, கிளஸ்டர் மொத்தமும் விழுந்தால்கூட வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர்கள் இரண்டு மூன்று நாள் லாகைத் தங்களிடமே பிடித்து வைத்திருந்து பிறகு அனுப்பும்படி ஏற்பாடு செய்தாள். தொண்ணூறு நாளைக்கு மேல் பழையதான லாக் தானாக அழிந்து டிஸ்கில் இடம் விடும்படி ஒரு விதியும் எழுதினாள். அத்தனையையும் திட்டத்தின் இரண்டாவது பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தாள். வெங்கி முதல் பக்கத்தோடு கையெழுத்துப் போட்டுவிட்டார்.

எல்லாம் முடிந்த அன்று அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைக் கொண்டாடத் தெம்பில்லை. ரயிலில் உட்கார இடம் கிடைத்ததும் தூங்கிப்போய், இறங்க வேண்டிய செம்பூரைத் தாண்டி மான்குர்த் போய் இறங்கித் திரும்பி வந்தாள்.

டாக்டர் கொடுத்த தேதி நவமியன்று. மும்பைக்கு அன்று வேலை நாள். சந்திரமௌலி அண்ட் சன்ஸுக்கு மட்டும் சரஸ்வதி பூஜை லீவு. அதைப் பார்த்துத்தான் அவள் அந்தத் தேதியைப் பிடித்தாள். முந்தின நாள் மாலையே அட்மிட் ஆகிவிட்டாள். கட்டியை மட்டும் எடுக்க முடியாவிட்டால் கர்ப்பப்பையை எடுக்கச் சம்மதம் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். மாரீஸ்வரன் அதைப் படிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் அணுசக்தி நகருக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறவன். நேரம் தவறினால் விஞ்ஞானிகளெல்லாம் தெருவில் நிற்பார்கள் என்று காய்ச்சலோடுகூட வண்டி எடுப்பான். அப்படிப்பட்டவன் மூன்று நாள் லீவு போட்டிருந்தான்.

"போனைக் குடு," என்றான். வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். "இனி உனக்கு ஆபீஸும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. பேசாமப் படு."

பையில் துண்டுக்கு அடியில் அவள் லேப்டாப்பையும் வைத்திருந்தது அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதையும் பிடுங்கியிருப்பான், அவளும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பாள்.

நவமியன்று காலை, கையில் ஊசி செருகி, பச்சை உடுப்பு போட்டுவிட்டுப் போனார்கள். வெறும் வயிறு. பத்து மணிவாக்கில் கூப்பிடுவோம் என்றார்கள். மாரீஸ்வரனின் சட்டைப் பை அதிர ஆரம்பித்தது. அவன் எடுக்கவில்லை. நின்று, மறுபடி அதிர்ந்தது. அப்புறம் விடாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது.

"யாருங்க?"

"யாரா இருந்தா உனக்கு என்னட்டீ?"

"சிவப்பு வந்திருக்கும். ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தந்துருதேன். இல்லன்னா உள்ள போயும் அதே நெனப்பால்லா இருக்கும்."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு போனைக் கொடுத்தான்.

"ஸாரி மாரிசெல்வி, ரொம்ப ஸாரி," என்றார் வெங்கி. "இன்னிக்கு உனக்கு லீவுன்னு தெரியும். ஆனா பெரிய லோச்சா ஆயிடுத்து. நெருள்ல ரோடு தோண்டறவன் கேபிளை அறுத்துட்டான். போர்டு பூரா ரெட்."

"நெருள் போனா என்ன சார்? கிங்ஸ் சர்க்கிளும் சின்னப் பெட்டியும் இருக்குல்லா? அது பாட்டுக்கு ஓடணுமே."

"ஓடலையே!"

ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்த சோதனை இது. தவற வழியே இல்லை.

"நீங்க வீட்லதான இருக்கீங்க? பெட்டில லைட் எரியுதா பாருங்க."

செருப்பில்லாத கால்கள் கூடத்தில் நடக்கும் சத்தம் கேட்டது. ஷெல்ஃப் பக்கம் போய் நின்றன.

"சார்?"

"பெட்டி ஷெல்ஃப்ல இல்லை," என்றார் வெங்கி தீனமாக. "அம்மா அதைப் பூஜைல வெச்சுட்டா."

மாரிசெல்விக்கு முதலில் விளங்கவில்லை. வெங்கி குரலைத் தாழ்த்தி விளக்கினார். பாலக்காட்டு வழக்கம். அஷ்டமி சாயங்காலம் புஸ்தகங்களையும் தொழில் பண்ணுகிற சாமான்களையும் சரஸ்வதி முன்னால் வைத்துவிட்டால், விஜயதசமி காலையில் பூஜை முடிந்து எடுக்கிறவரை யாரும் தொடக் கூடாது. வீட்டில் அன்று பேப்பர்கூடப் படிக்கமாட்டார்கள். அப்பாவின் அகராதிகள், அம்மாவின் வீணை, தையல் கத்திரி, வெங்கியின் லேப்டாப், அதற்கு மேலே இந்தப் பெட்டி. சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு செவ்வந்திப்பூவும் வைத்தாகிவிட்டது.

நேற்று மாலை முதல் அது அணைந்து கிடக்கிறது. பச்சை விளக்கோ பச்சையாகவே இருந்திருக்கிறது. நெருள் அறுந்ததும் கிங்ஸ் சர்க்கிள் மெஷின் தனியாளாகி, அவள் சொல்லிக்கொடுத்தபடியே வாயை மூடிக்கொண்டது. மின்சாரம் கேட்டாள், மழை கேட்டாள், எலியைப் பற்றிக்கூடக் கேட்டாள். நவராத்திரியைப் பற்றிக் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் மாமி அதையும் நிதானமாகச் சொல்லியிருப்பார்.

"எடுத்து மாட்டிருங்க சார். ஒரு நிமிஷ வேலை. ஒயரைச் சொருகினா அதுவாவே வந்துரும்."

"நானா? ஐயோ, நான் தொட்டா அம்மா என்னை உயிரோட விடமாட்டா. எனக்கே பயமாத்தான் இருக்கு. நீ ஒரு வார்த்தை பேசேன்."

போன் கை மாறியது.

"என்ன கொழந்தே," என்றார் அபயாம்பாள் மாமி. "உன் பெட்டி பத்திரமா இருக்கு. ஆத்துல உழைக்கறதையெல்லாம் வெச்சாச்சு. இது ராப்பகலா முழிச்சிண்டு உழைக்கறதே, இதுக்கு மட்டும் ஒரு நாள் ஓய்வு வேண்டாமான்னு இதையும் வெச்சேன்."

"மாமி, அது இல்லைன்னா வேலை நின்னுருது. கொஞ்சம் எடுத்து..."

"எடுக்கப்படாது. வெச்சதை நடுவுல எடுக்கற வழக்கமே கிடையாது கேட்டியா. நாளைக்குக் காலம்பற ஏழு மணிக்குள்ள பூஜை எடுத்துடுவோம். முதல்ல உன் பெட்டியைத்தான் எடுப்பேன், சரியா? ஆமா, அங்க என்ன சத்தம்? நீ எங்க இருக்கே?"

வெளியே நர்ஸ் யாருடைய பேரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரில மாமி. ஆபரேஷன். இன்னும் கொஞ்ச நேரத்துல உள்ள கொண்டுபோயிருவாங்க."

மாமி வெங்கி பக்கம் திரும்பியது குரலில் தெரிந்தது.

"லீவுன்னுதானே இவன் சொன்னான்," என்றார். பிறகு, "ஆபரேஷனுக்குப் போறவ ஏன் போனை எடுத்தே?" என்று கேட்டார்.

திட்டுவதுபோல் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார்.

வெங்கி போனை வாங்கிக்கொண்டு பால்கனிக்கு வந்திருக்க வேண்டும்; பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"அம்மா கேக்கமாட்டா. இன்னொரு வழி இருக்குன்னு நீ ஒரு தடவை சொன்னியே, கிங்ஸ் சர்க்கிள் மெஷினை வலுக்கட்டாயமா தலையாக்கறது? என் லேப்டாப்பும் பூஜைல மாட்டிண்டிருக்கு. நீ பண்ணிடேன். பத்து நிமிஷம். இல்லேன்னா டாக்டர்கிட்ட சொல்லி மத்யானத்துக்கு மாத்திக்க முடியுமா பாரேன்."

வழி இருந்தது. ஆபத்தான வழி. கவனம் பிசகினால், நெருள் திரும்பி வரும்போது இரண்டு தலையாகி எல்லாம் குழம்பிப் போகும். பத்து நிமிஷத்தில் முடிகிற காரியமில்லை. அவளைத் தவிர வேறு யாரும் செய்யவும் முடியாது. மாரிசெல்வி பையை இழுத்துத் துண்டை விலக்கி லேப்டாப்பை எடுத்தாள்.

"ஏட்டி, இதை வேற கொண்டாந்தியா?" மாரீஸ்வரன் எழுந்து நின்றுவிட்டான். "உனக்கு என்ன கோட்டியா பிடிச்சிருக்கு?"

"ஒரு நிமிஷங்க. பாத்துக்கிடுதேன்."

ஊசி செருகிய கையால் தட்டத் தட்ட நரம்பு சுண்டி இழுத்தது. முதலில், அனுப்புகிறவர்களைப் பார்த்தாள். ஒவ்வொரு வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரும், சொல்லி வைத்தபடி, லாகைத் தன்னிடமே பிடித்து வைத்திருந்தது. ஒரு வரி விழவில்லை. நாளைக் காலைவரை என்ன, நாளை மறுநாள்வரை தாங்கும். அடுத்து, காலையிலிருந்து யார் யார் தேட வந்து ஏமாந்து போனார்கள் என்று பார்த்தாள். ஒரே ஒருவர். வெங்கி. ஓடுகிறதா என்று பார்ப்பதற்காகத் திறந்திருக்கிறார்.

அங்கேயே மூடி வைத்திருக்கலாம். ஏனோ பழைய நாட்களின் வரிசையையும் திறந்தாள். பிப்ரவரியில் எந்த நாளின் லாகைக் காப்பாற்றுவதற்காக ஆபரேஷனைத் தள்ளிப் போட்டாளோ, அந்த நாளைத் தேடினாள். இல்லை. ஏப்ரல் இல்லை. ஜூன் மழை நாள் இல்லை. வரிசையே ஜூலையில்தான் ஆரம்பித்தது. தொண்ணூறு நாள் ஆனதும் எல்லாம் தானாக அழிந்துவிட்டிருந்தன. அந்த விதியை எழுதியவளே அவள்தான். அழிகிறவரை அந்த மூன்று நாட்களில் ஒன்றைக்கூட ஒருவரும் கேட்டுத் திறந்து பார்க்கவில்லை. யாராவது கேட்டிருந்தால் அது அவளிடம்தான் வந்திருக்கும்.

மாரிசெல்விக்கு வெங்கிமேல் கோபம் வரவில்லை. தன்மேல்கூட உடனே வரவில்லை. மிகவும் அசதியாக இருந்தது. இத்தனை மாதமாக உட்காராமல் ஓடிய அசதி மொத்தமும் அந்தக் கட்டிலில் வந்து இறங்கியதுபோல் இருந்தது. கதவருகே வார்டு ஆள் சக்கரக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றான்.

"மாரிசெல்வி? லைன்ல இருக்கியா?" என்றார் வெங்கி.

"இருக்கேன் சார். ஒரு லாகும் போகாது. எல்லாம் அங்கங்கயே சேந்து நிக்குது. நாளைக்கு மாமி பெட்டியை எடுத்து மாட்டினதும் தானா வந்துரும். அதுக்கு முன்னாடியே நெருள் வந்தாலும் சரியாயிரும்."

"நாளைக்கா? காண்ட்ராக்ட்ல ஒரு மணி நேரத்துக்குள்ள சரி பண்றதா..."

"வெங்கி சார், அந்தப் பெட்டி பூஜைல இருக்குல்லா? நானும் பூஜைலதான் இருக்கேன்னு வச்சுக்கிடுங்க. என்னையும் யாரும் தொடாதீங்க."

சொல்லிவிட்டு போனை அணைத்து மாரீஸ்வரனிடம் கொடுத்தாள். லேப்டாப்பையும் கொடுத்தாள். அவன் இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு சக்கரக் கட்டிலின் கூடவே தியேட்டர் கதவுவரை வந்தான்.

மத்தியானம் தாண்டி அவளுக்கு நினைவு வந்தது. வாய் உலர்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் கண் கூசியது. பக்கத்தில் மாரீஸ்வரன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். மயக்கம் முழுதாகத் தெளியாத அந்த நிலையில், கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்க, அவள் வாயில் வந்தது வேறு.

"நெருள் வந்துட்டா?"

"வந்துட்டு," என்றான் அவன் அவசரமாக. "பதினோரு மணிக்கே வந்துட்டாம். உங்க சார் என் நம்பருக்கு மெசேஜ் போட்டிருக்காரு. ரோட்டைத் தோண்டுனவன்கிட்ட சண்டை போட்டு கேபிளை ஒட்ட வச்சாங்களாம். கிங்ஸ் சர்க்கிளும் நெருளும் சேந்துட்டாம். ஒரு லாகும் போகலையாம். பெட்டியை நாளைக்குக் காலைல அந்த அம்மாவே மாட்டிருவாங்களாம். போர்டுல எல்லாம் பச்சையாம் செல்வி, பூரா பச்சையாம்."

மாரிசெல்வி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதன் அவள் ஆபீஸைத் திட்டியிருக்கிறானே தவிர, அங்கே என்ன நடக்கிறது என்று ஒரு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசியது கிடையாது. இப்போது விடாமல் பேசுகிறான். அவள் கண்ணைப் பார்க்காமல், சலைன் பாட்டிலைப் பார்த்துப் பேசுகிறான்.

"எடுத்துட்டாங்களாங்க?" என்று கேட்டாள்.

அவன் பாட்டிலிலிருந்து பார்வையை எடுத்து அவளைப் பார்த்தான்.

"உசிருக்கு ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாங்க," என்றான். "ரொம்ப வளந்து போச்சாம். ரத்தம் நிக்கலையாம். அவங்களும் எவ்வளவோ பாத்தாங்களாம். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாப் போச்சுட்டீ." அவள் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டான். கை நனைந்தது.

பிப்ரவரியில் வந்திருந்தால் என்று அவன் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. இருவருமே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மாரிசெல்விக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. வாய்விட்டுக் கதற வேண்டும்போல் இருந்தது. ஆனால் முதல் விம்மலுக்கே வயிற்றுத் தையல் சுரீர் என்று பிடித்து இழுத்தது. அதனால் பல்லைக் கடித்து மூச்சைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அழ வேண்டியிருந்தது.